கிராக் சாப்ட்வேரும் வக்கீல் நோட்டீஸும்

கல்யாணப் பத்திரிகை, பில் புக், விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுக்கும் டிடிபி கடைகள் பலவற்றில் போட்டோஷாப்பும் கோரல்டிராவும் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. கணினி விற்றவரே போட்டுக் கொடுத்திருப்பார். எல்லோரும் இப்படித்தானே வைத்திருக்கிறார்கள் என்ற தைரியம், நோட்டீஸ் வரும்வரைதான்.

திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவது, 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தாதவருக்கு நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். கடை நடத்துபவர் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. சப்-இன்ஸ்பெக்டரோ அவருக்கு மேற்பட்ட அதிகாரியோ வாரன்ட் இல்லாமலே பிரதிகளைக் கைப்பற்றவும் சட்டம் இடம் தருகிறது.

ஆனால் கம்பெனி பெயரில் வரும் போனோ மின்னஞ்சலோ கோர்ட் உத்தரவு ஆகிவிடாது. கணினியைச் சோதிக்க வந்திருக்கிறோம் என்பவரிடம் அடையாள அட்டையும் உத்தரவும் கேளுங்கள். பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். ஆதாரத்தை அழித்த பழியும் சேரும். பில்களைத் தேடி எடுத்து, எந்தக் கணினியில் என்ன இருக்கிறது என்று எழுதி, வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். கம்பெனி கேட்கும் தொகைக்கு உடனே தலையாட்ட வேண்டாம், பேசித் தீர்க்க வழியுண்டு.

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. உரிமப் பூட்டை உடைக்கும் கிராக்கைப் போட ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். அப்போது கூடவே என்ன நுழைந்தது என்று யார் பார்த்தார்கள்? வாடிக்கையாளரின் ஆதார் நகலும் அதே கணினியில்தான் கிடக்கிறது.

காசில்லாமலே சட்டப்படி பயன்படுத்த மாற்று உண்டு: போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப், கோரல்டிராவுக்கு இங்க்ஸ்கேப், பேஜ்மேக்கருக்கு ஸ்கிரைபஸ், ஆபீஸ் வேலைக்கு லிப்ரே ஆபீஸ். இவற்றை வைத்துச் சம்பாதிக்கவும் உரிமமே அனுமதிக்கிறது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே சூசே லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்துக்கு மாறியது.

மாறுவது சுலபம் என்று சொல்லமாட்டேன். பழைய பேஜ்மேக்கர் கோப்பை லிப்ரே ஆபீஸ் டிராவில் திறந்தால் பக்க அமைப்பு கலையலாம். பழைய எழுத்துருவில் அடித்த தமிழை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். நான்கு வண்ண அச்சு வேலைக்கு ஸ்கிரைபஸ் தோதானது, கிம்ப் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே முதலில் புது ஆர்டர்களை மட்டும் இவற்றில் செய்யுங்கள். பழைய கோப்புகளுக்காக ஒரே ஒரு கணினியில் மட்டும் பில்லோடு வாங்கிய மென்பொருள் இருக்கட்டும்.