பூனையும் சிலந்தியும்

கோலார் தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்புகளில் எலித் தொல்லைக்காகப் பூனை வளர்க்கும் வீடுகள் உண்டு. அப்பூனை சில வேளைகளில் சுவரில் ஓடும் சிலந்தியையும் தாவிப் பிடித்துத் தின்றுவிடும். விஷப்பூச்சியைத் தின்ற பூனை பிழைக்குமா என்று பிள்ளைகள் ஆசிரியரைக் கேட்பது இயல்பே.

இதற்கு விடை கூற, அவ்வூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. தாதுவிலிருந்து தங்கத்தைப் பிரிக்க அங்குச் சயனைடு பயன்பட்டது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. எனினும், தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் குன்றுகளை மக்கள் இன்றும் சயனைடு மலை என்றே அழைக்கின்றனர். சயனைடு வாய்வழிச் சென்றாலே கொல்லும். இரைப்பையின் அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சயனைடாக மாறி, இரத்தத்தில் கலந்து, உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்த முடியாதவாறு தடுத்துவிடுகிறது.

சிலந்தியின் விஷமோ வேறு வகையைச் சேர்ந்தது. அதன் முக்கியக் கூறுகள் புரதங்களும் பெப்டைடுகளும் ஆகும். சிலந்தி தன் பற்களால் குத்தி உடலினுள் செலுத்தினால்தான் அவ்விஷம் வேலை செய்யும். விழுங்கப்பட்டால், இறைச்சி ஜீரணமாவதைப் போலவே அதுவும் சிதைந்துவிடும். கரப்பான் பூச்சிகளை வேட்டையாடும் பெரிய வீட்டுச் சிலந்தியாயினும், சுவரில் தாவித் திரியும் சிறு சிலந்தியாயினும், அதைத் தின்ற பூனைக்குப் பொதுவாகத் தீங்கில்லை.

ஆனால் பிடிபடும் சிலந்தி பூனையின் உதட்டையோ நாக்கையோ கடிக்கக் கூடும். அப்போது வீக்கமும் எச்சில் வடிதலும் தோன்றும். பெரும்பாலும் இவை தாமே தணியும். கறுப்பு விதவை இனத்தைச் சேர்ந்த சிலந்திகளின் கடி மட்டும் பூனைகளுக்கு மிகக் கொடியது. தசைப்பிடிப்பும் பக்கவாதமும் உண்டாகலாம். இந்தியாவில் இவ்வினச் சிலந்திகள் காணப்படுகின்றன எனினும், வீட்டிற்குள் சாதாரணமாக உலவுபவை அவை அல்ல.

சிலந்தியைவிட அதிகம் அஞ்சத்தக்கது பூச்சிக்கொல்லி மருந்தே. பெர்மெத்ரின் என்னும் மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நாய்களின் உண்ணிக்கென விற்கப்படும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைமீது தடவினால் நடுக்கமும் வலிப்பும் கண்டு அது இறக்கவும் நேரும். எனவே மருந்து தெளிக்கும் ஊழியர், தெளித்த இடம் உலரும்வரை பூனையை வெளியே வைக்குமாறும், செத்து விழுந்த பூச்சிகளைக் கூட்டி அப்புறப்படுத்துமாறும் வீட்டாருக்குச் சொல்லுதல் வேண்டும். நடுக்கமோ, மூச்சுத் திணறலோ, ஓயாத எச்சில் வடிதலோ கண்டால், வாந்தியெடுக்கச் செய்ய முயலாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் நலம். தெளித்த மருந்தின் பெயரையும் அவரிடம் கூறவேண்டும்.

விஷம் என்ற ஒரே சொல்லால் நாம் சுட்டும் பொருள்கள் உடலில் புகும் வழியாலும் செயற்படும் முறையாலும் வேறுபடுகின்றன. சயனைடையும் சிலந்தியையும் அருகருகே வைத்து இதை விளக்கினால், மாணவர் எளிதில் மறவார்.