உப்புக்காற்றில் எந்த புரொஜெக்டர் உழைக்கும்?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்கேதான். ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் கடல் என்று இருக்கும் மீனவர் குப்பங்களில் ஜன்னல் கம்பிகூட சீக்கிரம் துருப்பிடித்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் ஹோம் தியேட்டருக்கு புரொஜெக்டர் வாங்கினால் எத்தனை வருடம் உழைக்கும்? அது எந்த வகையை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

டி.எல்.பி: டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987-ல் உருவாக்கிய சிப்தான் இதன் உயிர். அதிலுள்ள லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் ஒளியைத் திரைக்குத் திருப்பும். வீட்டு மாடல்களில் பெரும்பாலும் ஒரே சிப் என்பதால் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சிலர் கண்ணுக்கு வானவில் கீற்றுகள் தெரியலாம்.

3எல்.சி.டி: ஒளியை மூன்று நிறங்களாகப் பிரித்து, மூன்று பேனல்கள் வழியே அனுப்பி ஒன்றுசேர்க்கும். நிறம் பளிச்சென்று இருக்கும். வானவில் தொல்லை இல்லை. ஆனால், பேனல்களைக் குளிர்விக்கக் காற்று உள்ளே போகவேண்டும். ஃபில்டரைச் சுத்தம் செய்யாவிட்டால் தூசி படிந்து படத்தில் கறையாகத் தெரியும்.

எல்.சி.ஓ.எஸ்: சோனி, ஜே.வி.சி நிறுவனங்களின் உயர்ரக மாடல்களில் இருப்பது. இருட்டுக் காட்சிகளில் கறுப்பு கறுப்பாகவே தெரியும். விலையோ லட்சங்களில்!

கடலோர வீட்டுக்கு, ஒளிப்பகுதி முழுக்க மூடப்பட்ட டி.எல்.பி மாடல் பாதுகாப்பான தேர்வு. எல்.இ.டி அல்லது லேசர் ஒளி இருந்தால் இன்னும் நல்லது. சாதாரண லேம்ப் 4,000 மணி நேரம் எரியும் என்று வைத்தால், தினம் 3 மணி நேரத்துக்கு மூன்றரை ஆண்டுகள்தான் வரும். லேசருக்கு நிறுவனங்கள் சொல்லும் கணக்கு பொதுவாக 20,000 மணி நேரம்.

சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைப்பவற்றில் கவனம் தேவை. ‘4கே சப்போர்ட்’ என்றால் 4கே வீடியோவை ஏற்கும் என்றுதான் அர்த்தம்; திரையில் அந்தத் துல்லியம் வராது. ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ எவ்வளவு என்று பாருங்கள். வெளிச்சத்துக்கு வெறும் ‘லூமன்ஸ்’ கணக்கை நம்பாமல், ‘ஆன்சி லூமன்ஸ்’ எவ்வளவு என்று கேளுங்கள்.

எந்த வகையாக இருந்தாலும் சர்க்யூட் போர்டுக்கு உப்பு எதிரிதான். ஃபேன் இழுக்கும் காற்றோடு வரும் உப்பு, ஈரத்தை ஈர்த்து செம்பை அரிக்கும். அதனால் கடலைப் பார்த்த ஜன்னலருகே வைக்காதீர்கள். படம் முடிந்து, ஃபேன் நின்று, சூடு ஆறிய பிறகு சிலிக்கா ஜெல் பாக்கெட்டுடன் மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள்.

பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: துருவால் பழுதானால் வாரன்ட்டி உண்டா? சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது? பதிலை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.