பங்கின் பெயரில் ஓர் இணையதளம்

பங்கிற்கென ஓர் இணையதளம் வேண்டும் என்ற பேச்சு இன்று பல பங்குப் பேரவைகளில் எழுகின்றது. உடனே கணிப்பொறி கற்ற ஓர் இளைஞரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஏனையோர் கலைந்துவிடுகின்றனர். அவர் கூறும் சொற்கள் விளங்காமையே காரணம். அச்சொற்கள் அத்துணைக் கடினமானவை அல்ல. அவற்றைப் பிரித்தறியாமையால் வரும் இழப்போ சிறிதன்று.

இணையதளம் என்பது கோப்புகளின் தொகுப்பே. தலைப்பு எது, பத்தி எது, படம் எது எனக் குறித்துக் காட்டும் மொழி எச்.டி.எம்.எல். நிறத்தையும் எழுத்தின் அளவையும் சி.எஸ்.எஸ். கவனிக்கின்றது. பொத்தானை அழுத்தியதும் ஏதேனும் நிகழவேண்டுமாயின் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் துணை செய்யும். கோவிலின் சுவர், வண்ணப்பூச்சு, மணி என்று இம்மூன்றையும் கொள்ளலாம். இவ்வேலையை அறிந்தவர் செய்யட்டும். பேரவையினர் அறியவேண்டியவை வேறு இரண்டு.

முதலாவது, இடம். அக்கோப்புகள் இரவும் பகலும் ஓயாது இயங்கும் ஒரு கணிப்பொறியில் இருத்தல் வேண்டும். அதுவே சர்வர், அதில் வாடகைக்கு இடம் பெறுவது ஹோஸ்டிங். 1995-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று வத்திக்கான் தன் தளத்தைத் திறந்தது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரின் விழாச் செய்தி அதில் வெளியாயிற்று. அப்பணியில் முன்னின்றவர் அமெரிக்கப் பிரான்சிஸ்கன் கன்னியரான சகோதரி ஜூடித் சோபெலைன். அங்குள்ள சர்வர்களுக்கு இரபேல், மிக்கேல், கபிரியேல் என அதிதூதர்களின் பெயர்களைச் சூட்டினர். காவல் பணி யாருக்கு என்பதை நம் வாசகர் ஊகித்திருப்பர், மிக்கேலுக்கே!

இரண்டாவது, பெயர். சர்வரின் உண்மை முகவரி வெறும் எண்களே. அவற்றை நாம் நினைவிற்கொள்ள இயலாமையால் எளிய பெயரொன்றைப் பதிவு செய்கின்றோம். அதுவே டொமைன். இன்று 'இந்தியா' எனத் தமிழெழுத்திலேயே முடியும் பெயரையும் பெறலாம். ஆனால் எப்பெயரும் விலைக்கு வருவதன்று, குத்தகைக்கே வருவது. காம் என முடியும் பெயரை ஒரே தடவையில் பத்தாண்டுகளுக்குமேல் பதிய இயலாது.

இங்கேதான் இடர் தொடங்குகின்றது. இளைஞர் தம் சொந்தப் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிவு செய்கின்றார். பின்னர் வேலை கிடைத்து வளைகுடா செல்கின்றார். நினைவூட்டும் மடல்கள் அவர் திறந்து பாராத அஞ்சலுக்கே போய்ச் சேருகின்றன. தவணை நாள்களும் கடந்துவிட்டால் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். வேற்றார் அதை வாங்கிச் சூதாட்ட விளம்பரமோ, பொய்யான நன்கொடைப் பக்கமோ வைக்கலாம். திருவிழா அழைப்பிதழில் அச்சான முகவரியை நம்பிக் காணிக்கை அனுப்பும் மூதாட்டி இதை எவ்வாறு அறிவார்?

முகவரியின் தொடக்கத்தில் எச்.டி.டி.பி.எஸ். என்று இருப்பதே போதுமெனப் பலர் எண்ணுகின்றனர். நாம் அனுப்பும் விவரத்தை வழியில் எவரும் படிக்க இயலாது என்பதையே அது உறுதி செய்கின்றது. பெறுபவர் நேர்மையானவர் என்பதையன்று. ஆகவே, அதனை அடுத்துவரும் பெயரில், முதற் சாய்கோட்டிற்கு முன்னுள்ள கடைசிப் பகுதியை நோக்குங்கள். தளம் எவருடையது என்பதற்கு அதுவே அடையாளம். வத்திக்கானின் முகவரி வி.ஏ. என்று முடிவதும் இவ்வாறே.

பெயர்ப் பதிவு பங்கின் பெயரிலும், பங்கிற்கென்றே வைத்துள்ள மின்னஞ்சலிலும் இருக்கட்டும். கடவுச்சொல்லைப் பங்குக் குருவும் பேரவைச் செயலரும் அறிந்திருக்கட்டும். புதுப்பிக்கவேண்டிய நாளைத் திருமுழுக்கு ஏடுகள் இருக்கும் அலமாரியின் கதவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.