பெலாங்காஸின் குருதியும் சிங்கையில் ஆக்கிய புரதமும்

ஊசி மருந்தில் உள்ள கிருமிகளைக் கொதிக்க வைத்துக் கொன்றுவிட்டால் நோயாளிக்குத் தீங்கு நேராது என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். ஆனால், காய்ச்சி வடித்த நீரில் கரைத்த மருந்தைச் செலுத்தியபோதும் சிலருக்குக் குளிர் நடுக்கமும் கடுங்காய்ச்சலும் கண்டன. மருந்தின் குற்றம் என்றனர் சிலர். நோயாளியின் உடற்குற்றம் என்றனர் வேறு சிலர். அமெரிக்காவில் புளோரன்ஸ் சைபர்ட் என்னும் அம்மையார் 1923-ஆம் ஆண்டில் உண்மையை வெளிப்படுத்தினார். குற்றம் நீரினுடையது. நீரில் வாழ்ந்து மடிந்த பாக்டீரியாக்கள் விட்டுச்சென்ற ஒரு பொருள், கொதியிலும் அழியாமல் நின்று, ஆவியோடு தெறித்த சிறு திவலைகளில் ஏறி வடிநீரிலும் வந்து சேர்ந்தது. கிருமி செத்தது, நஞ்சு சாகவில்லை.

இந்நஞ்சுக்கு ‘எண்டோடாக்சின்’ என்று பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் பைஃபர். காலராக் கிருமியை ஆராய்ந்த அவர், நஞ்சு கிருமியின் உள்ளே அடங்கியிருந்து, அது சிதையும்போது வெளிவருகிறது என்று கருதினார். அதனையொட்டித் தமிழில் ‘அகநச்சு’ என்று எழுதுகிறோம். சொல் அழகாகத்தான் இருக்கிறது. பொருள்தான் சற்றுத் தவறிவிட்டது. அந்நஞ்சு இருப்பது கிருமியின் அகத்தில் அன்று. அதன் புற உறையில். கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த அம்மூலக்கூறு, ‘கிராம் நெகட்டிவ்’ எனப்படும் பாக்டீரியா இனங்களின் மேற்பரப்பெங்கும் செறிந்து கிடக்கிறது. சொல்லை மாற்ற வேண்டுமென்று நான் கூற வரவில்லை. வகுப்பில் கற்பிக்கும்போது இதனையும் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் குழம்பமாட்டார்கள்.

இனி, நம் உடல் இந்நஞ்சை எவ்வாறு இனங்காண்கிறது? இதற்கு விடை அண்மைக் காலத்தில்தான் கிடைத்தது. பழ ஈயில் ‘டோல்’ என்றொரு புரதம் உண்டு. அஃது இல்லாத ஈ பூஞ்சைக் காளானை எதிர்க்க வலுவின்றி மடிந்துபோவதை ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் 1996-இல் காட்டினர். அதனை ஒத்த ‘டி.எல்.ஆர். 4’ என்னும் புரதமே பாலூட்டிகளின் உடலில் அகநச்சை உணர்த்துகிறது என்று புரூஸ் பியூட்லர் குழுவினர் 1998-இல் எலிகளைக் கொண்டு நிறுவினர். 2011-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் இவ்விருவருக்கும் பங்கு கிடைத்தது.

இப்புரதம் நம் வெள்ளணுக்களின் மேற்பரப்பில் நிற்கிறது. தனித்து நிற்பதில்லை, ‘எம்.டி. 2’ என்னும் சிறு புரதத்தைத் துணையாகக் கொண்டிருக்கிறது. அத்துணைப் புரதத்தின் நடுவே ஒரு குழி. அகநச்சின் கொழுப்பு வால்கள் ஆறில் ஐந்து அக்குழிக்குள் புகுந்துகொள்கின்றன. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆறாவது வால், பக்கத்தில் உள்ள மற்றொரு டி.எல்.ஆர். புரதத்தைப் பற்றி இழுக்கிறது. இரண்டு இணைகள் ஒன்றுசேர்ந்ததும் அணுவுக்குள் செய்தி பாய்கிறது, காய்ச்சல் எழுகிறது. இவ்வமைப்பு முழுவதும் 2009-இல் படமாக்கப்பட்டது.

இத்தகைய மனிதப் புரதங்களை ஆராய்ச்சிக்காக யாருடைய உடலிலிருந்தும் எடுப்பதில்லை. அப்புரதத்துக்குரிய மரபணுவை வேறோர் உயிரணுவுக்குள் புகுத்தி, அவ்வணுவையே அதைச் செய்ய வைக்கின்றனர். ‘எஸ்கெரிக்கியா கோலி’ என்னும் குடற்கிருமி இவ்வேலைக்கு மலிவானது, விரைவானது. ஆனால், அதன் மேனியெங்கும் இருப்பது இதே அகநச்சு! இதனால் விளைந்த குழப்பம் சிறிதன்று. வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எனப்படும் மனிதப் புரதங்கள் சில, நம் வெள்ளணுக்களைத் தாமே தூண்டுகின்றன என்று ஆய்வாளர் பலர் எழுதிவந்தனர். தூண்டியது புரதமன்று, அதனைச் செய்த குடற்கிருமியிலிருந்து ஒட்டிவந்த நஞ்சே என்பதை 2003-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆகவே, நோயாளிக்குச் செல்லும் மருந்துக்கு மட்டுமன்றி, ஆய்வுக்கூடத்துப் புரதத்துக்கும் நச்சுச் சோதனை இன்றியமையாததாயிற்று.

சோதிப்பது எங்ஙனம்? அமெரிக்க மருந்து நூல் 1942-இல் முயல் சோதனையை ஏற்றது. முயலின் காது நாளத்தில் மருந்தைச் செலுத்திவிட்டு, மூன்று மணி நேரம் அதன் உடல் வெப்பத்தை அளந்துகொண்டிருப்பார்கள். அம்முயல்களுக்கு விடுதலை தந்தது நமக்கு நன்கு தெரிந்த ஓர் உயிர்: மலாய்க்காரர் ‘பெலாங்காஸ்’ என்று அழைக்கும் குதிரைலாட நண்டு. பெயர்தான் நண்டு, உறவு தேளோடும் சிலந்தியோடும். உலகில் உள்ள நான்கு இனங்களுள் மூன்று மலேசியக் கரைகளில் உண்டு. ஜொகூரில் கோத்தா திங்கிப் பக்கத்தில் இதன் முட்டையைச் சமைத்து உண்பர். சேற்றில் வாழும் உருண்டை வால் இனத்தில் சில வேளைகளில் கொடிய நஞ்சு இருப்பதால், அறியாதார் உண்ணலாகாது.

இதன் குருதியில் செம்பு கலந்திருப்பதால் நிறம் நீலம். பிரெடெரிக் பேங் என்னும் அமெரிக்க மருத்துவர், பாக்டீரியா புகுந்த குதிரைலாட நண்டின் குருதி கூழாக உறைந்துபோவதைக் கண்டு 1956-இல் வெளியிட்டார். சூட்டில் கொன்ற பாக்டீரியாவும் அவ்வாறே உறையச் செய்தது. பின்னர் ஜேக் லெவின் என்பவரோடு சேர்ந்து, உறையச் செய்வது அகநச்சே என்பதைத் தெளிவாக்கினார். 1977 முதல் அமெரிக்க அரசு இச்சோதனைக்கு இடமளித்தது. அளவு எத்துணை நுண்ணியது என்றால், சோதனையில் ‘ஓரலகு’ எனப்படும் நஞ்சு, ஒரு கிராமை ஆயிரம் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. நாளத்தில் செலுத்தும் மருந்தில், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து அலகுக்கு மேல் செல்லலாகாது.

முயல் தப்பியது, நண்டு அகப்பட்டுக்கொண்டது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் பல லட்சம் நண்டுகளைப் பிடித்துக் குருதியில் ஒரு பகுதியை வடித்துவிட்டுக் கடலில் விடுகின்றனர். அவற்றுள் நூற்றுக்குப் பதினைந்து மடிவதாக அங்குள்ள மீன்வள ஆணையம் கணக்கிட்டது; முப்பது வரை மடியும் என்று கூறும் ஆய்வுகளும் உள.

இவ்விடத்தில்தான் சிங்கப்பூரின் பங்கு வருகிறது. 1980-களின் நடுவில், கருத்தரிப்பு மருத்துவர்கள் தாம் வளர்க்கும் கருக்கள் ஏன் பிழைப்பதில்லை என்று தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களை அணுகினர். நஞ்சு கலந்திருக்குமோ என்று பார்க்க நண்டுக் குருதிச் சோதனை வேண்டும். அதன் விலையோ மிகுதி. பேராசிரியர் டிங் ஜீக் லிங் அம்மையாரும் அவர் கணவர் பேராசிரியர் ஹோ பௌ அவர்களும் கிராஞ்சிக் கழிமுகத்துச் சேற்றில் இறங்கிப் பெலாங்காஸ்களைத் திரட்டினர். பிரியாத இணையரை ‘பெலாங்காஸ் போல’ என்று மலாய் மொழியில் சொல்வதுண்டு. ஆண் பெண்ணைப் பற்றிக்கொண்டே திரிவதால் வந்த வழக்கு அது. இவ்விணையருக்கும் அது பொருந்தும்.

நண்டின் உயிரணுவில் நஞ்சை முதலில் தொட்டறியும் புரதத்துக்கு ‘காரணி சி’ என்று பெயர். அதனை ஜப்பானியர் முன்பே பிரித்தறிந்திருந்தனர். சுமார் ஆயிரம் அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி அது. மனிதனின் டி.எல்.ஆர். புரதம் நஞ்சைக் கண்டால் செய்தி மட்டுமே அனுப்பும். செய்தியைப் பெற உயிருள்ள அணு வேண்டும். காரணி சி அத்தகையதன்று. ஒரு முனை நஞ்சைப் பற்றுகிறது. பற்றியதும் மறுமுனை கத்தரிபோல் விழித்தெழுந்து வேறு மூலக்கூற்றை வெட்டுகிறது. இனங்காணலும் வினையும் ஒரே உடலில்! வெட்டுண்டால் ஒளிரக்கூடிய செயற்கைப் பொருளொன்றைக் குப்பியில் சேர்த்துவிட்டால், ஒளியை அளந்தே நஞ்சை அளந்துவிடலாம். நண்டும் வேண்டா, அணுவும் வேண்டா.

டிங் குழுவினர் அம்மரபணுவைப் பிரித்து 1995-இல் வெளியிட்டனர். அதனைக் குடற்கிருமியில் புகுத்த இயலாது. காரணத்தை வாசகர்களே சொல்லிவிடுவர். ஈஸ்ட் புரதத்தைச் செய்தது, ஆனால் அது நஞ்சைக் கண்டு விழிக்கவில்லை. இறுதியில் பூச்சிகளைத் தாக்கும் வைரஸின் துணையால் பூச்சியின் உயிரணுக்களில் செய்தபோதுதான் இயற்கைப் புரதத்துக்கு நிகராக வேலை செய்தது. மற்றொரு நன்மையும் கிட்டியது. முழுக் குருதிச் சாற்றில் காளானின் சர்க்கரைப் பொருளுக்கும் ஏமாந்து உறையும் வேறொரு காரணி உண்டு. தனிப் புரதத்தில் அந்த ஏமாற்றம் இல்லை.

2003-இல் விற்பனைக்கு வந்த இப்புரதத்தை மருந்துத் தொழில் ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. தொடக்கத்தில் ஒரே நிறுவனம் விற்றது. ஒருவரையே நம்பியிருக்கப் பிறர் தயங்கினர். பழைய முறைக்கு விதிநூலில் இடமிருந்தது, புதியதற்கு இல்லை. பிழைபட்டால் நோயாளிக்கு ஆபத்து என்பதால் அந்தத் தயக்கத்தை முழுதும் குறைகூற முடியாது. எனினும், இவ்வளவு தாமதம் வேண்டியிருந்ததா என்பது என் ஐயம். இப்புரதத்தால் சோதித்த ஒற்றைத் தலைவலி மருந்தொன்றை அமெரிக்க அரசு 2018-இல் ஏற்றது. ஐரோப்பிய மருந்து நூலில் இம்முறைக்கெனத் தனி அதிகாரம் 2021 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க மருந்து நூல் 2020-இல் ஒருமுறை பின்வாங்கி, 2024-இல் இசைந்து, 2025 மே மாதத்தில் நடைமுறைப்படுத்தியது.

குருதிச் சாற்றுச் சோதனையை எவரும் விலக்கிவிடவில்லை. இரண்டும் அருகருகே நிற்கின்றன. நம் ஆசியக் கரைகளின் மூன்று இனங்களுள் பெரிதான முவ்வால் முள் இனம் 2019-இல் அழிவை நோக்கும் உயிர்களின் பட்டியலில் சேர்ந்தது. மலேசியாவில் அது வாழ்வது சபா, சரவாக் கரைகளில்.