ஆப்பிள் இலையில் படித்த கண்

கோவில்பட்டியில் பருத்தியை இறக்கிவிட்டு இரவோடு இரவாக இடைசெவலுக்குத் திரும்பிய பாரவண்டிகளைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. வண்டிக்காரர் வைக்கோல்மேல் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். மாடுகள் அதுபாட்டுக்கு நடக்கும். எதிரே வண்டி வந்தால் ஓரம் ஒதுங்கும், பாதை பிரிகிற இடத்தில் ஊர்ப்பக்கம் திரும்பும், விடியுமுன் தொழுவத்து வாசலில் வந்து நின்றுவிடும். இன்று ஐதராபாத் ஐ.ஐ.டி. வளாகத்தில் ஓட்டுநரில்லாத வண்டிகளை ஓட்டிப் பார்க்கவே ‘டிஹான்’ என்று தனிச் சோதனைக்களம் இருக்கிறது, 2022-இல் திறந்தார்கள். அங்கே தேடுகிற வித்தையை இரண்டு மாடுகள் கூலி கேட்காமல் செய்துகொண்டிருந்தன. அவற்றுக்கு வழி தெரிந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அந்தப் பாதையிலேயே நடந்து நடந்து பழகியவை அவை.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இன்றைய கரிசலைப் பார்க்க வேண்டும்.

அன்று பிஞ்சையில் மருந்தடிப்பு என்றால் முதல் கவலை மருந்தல்ல, தண்ணீர். வானம் பார்த்த பூமி; கிணறு எங்கோ இருக்கும். குடத்திலும் டிரம்மிலும் தண்ணீர் கொண்டுவந்து, பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் மாட்டி, ஏக்கருக்குப் பத்து டேங்க் அடிக்க வேண்டும். மழை பெய்திருந்தால் கரிசல் காலோடு வரும். பத்து எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் அப்பியிருக்கும். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு அடித்தவர் சாயங்காலம் தலைசுற்றலோடு திண்ணையில் சாய்ந்து கிடப்பார். கோடையிலோ அதே மண் கால் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்.

ஆராய்ச்சி அன்றும் இல்லாமல் இல்லை. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கியது. இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருக்கிறது. கருங்கண்ணிப் பருத்தியில் ‘கே’ என்ற எழுத்தோடு வந்த ரகங்கள் இங்கே பிறந்தவை. பருவமழைக்கு முன்பே விதைத்துவிடும் முறையை ஆராய்ந்து வகுத்ததும் இந்த நிலையம்தான். விதையைக் கடினப்படுத்தி, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டுவிட்டால், புழுதியை மட்டும் நனைக்கிற தூறலை நம்பி அது முளைக்காது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் மழை இறங்கிய பிறகுதான் கண்விழிக்கும். பொய்மழைக்கும் மெய்மழைக்கும் விதைக்கே வித்தியாசம் தெரியும்படி செய்த வேலை அது. மண்ணைப் பார்த்துச் செய்த ஆராய்ச்சி என்று இதைத்தான் சொல்வேன்.

பொறியியல் வந்தது பிறகு. 1984-இல் நாலாட்டின்புதூர்ப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி நேஷனல் பொறியியல் கல்லூரி எழுந்தது. இடைசெவலிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம். அன்று பிஞ்சையை அடகு வைத்துப் பையனைப் பொறியியல் சேர்த்த சம்சாரியின் வேண்டுதல் ஒன்றே: இவன் திரும்பவும் இந்தப் பிஞ்சைக்குள் கால்வைக்கக் கூடாது. பையன்களும் வைக்கவில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். இன்று செயற்கை நுண்ணறிவு இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் விரும்பிச் சேர்கிற பட்டப்படிப்பு. வேடிக்கை என்னவென்றால், அப்பாவின் பிஞ்சை அவர்களுடைய பாடத்துக்குள் வந்து நிற்கிறது.

வானத்து வழியாக வந்தது அது. சென்னை குரோம்பேட்டையில், அப்துல் கலாம் படித்த எம்.ஐ.டி. வளாகத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தின் வான்வெளி ஆராய்ச்சி மையம் பல ஆண்டுகளாக ஆளில்லா விமானங்களைச் செய்துவருகிறது. அங்கே உருவான ‘தக்‌ஷா’ மாணவர் அணி 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. நடிகர் அஜித் குமார் அந்த அணிக்கு ஆலோசகராக இருந்ததால் செய்தி டீக்கடை வரைக்கும் வந்தது. 2021 ஆகஸ்டில் ட்ரோன் விதிகள் எளிதாயின. 2023-இல் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு எண்பது சதவீத மானியத்தில், எட்டு லட்சம் ரூபாய் வரை, ட்ரோன் தரும் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. இலக்கு 15,000 குழுக்கள்.

கரிசலுக்கு இந்தக் கருவி பொருந்துவதற்கு நியாயம் இருக்கிறது. சக்கரம் வைத்த ரோபோவை ஐப்பசி மாதத்துக் கரிசலில் இறக்கினால் அதை மீட்க நாலு ஆள் வேண்டும். பறப்பதற்குச் சகதி இல்லை. பத்து லிட்டர் டேங்கோடு கிளம்பி, பத்து நிமிஷத்துக்குள் ஒரு ஏக்கரை முடிக்கிறது. நூற்றறுபது லிட்டர் தண்ணீர் சுமந்த இடத்தில் பத்து லிட்டர். பிஞ்சையின் நாலு மூலையையும் குறித்துக் கொடுத்தால் செயற்கைக்கோளைப் பார்த்துத் தன் இடத்தைக் கணக்கிட்டு, உழவு சால் மாதிரியே ஒரு கோடு போய், திருப்பி, அடுத்த கோடு வருகிறது. நடுவில் மருந்து தீர்ந்தால் இறங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது. காற்றுக்கு மட்டும் பயப்பட வேண்டும். பக்கத்துக் கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையமே வைத்திருக்கிறார்கள் என்றால் இந்தச் சீமைக் காற்றின் வேகத்தைக் கேட்க வேண்டியதில்லை. நல்லவேளை, ஆனி ஆடி மேகாத்து அடங்கிய பிறகுதான் மானாவாரிப் பருவம்.

ஒரு மக்காச்சோளப் பிஞ்சையில் மருந்தடிப்பு நடந்தபோது நின்று பார்த்தேன். வரப்பில் குத்தவைத்திருந்த பெரியவர் ட்ரோன் ஓட்டும் பையனிடம் கேட்டார்: “ஏம்ப்பா, இதுக்குப் புழு எங்கன இருக்குன்னு தெரியுமா?”

“தெரியாது தாத்தா. பிஞ்சை எங்கன முடியுதுன்னுதான் தெரியும்.”

ஆராய்ச்சித் தாள் பல படித்தும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை. தானாக ஓடுவது வேறு, அறிந்து ஓடுவது வேறு. முதலாவது வந்துவிட்டது. புழு இருக்கிற செடிக்கு மட்டும் அடிக்க வேண்டும் என்றால் இரண்டாவது வேண்டும். அதற்கு இயந்திரத்துக்குக் கண் வேண்டும்.

அந்தக் கண் எங்கே படித்தது என்று பாருங்கள். பயிர்நோயைப் படத்திலிருந்து கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியில் உலகமெங்கும் மாணவர்கள் எடுத்தாள்வது ‘பிளான்ட்வில்லேஜ்’ என்ற படத்தொகுப்பு. 54,306 இலைப்படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தப் படங்களைப் படித்த கணினி 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. அதே கணினியிடம் வேறு இடங்களில் எடுத்த படங்களைக் காட்டினார்கள். 31 சதவீதத்துக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. காரணம் எளிது. தொகுப்பில் இருந்தவை கிள்ளியெடுத்து, ஒரே நிறத் தாள்மேல் வைத்துப் படம்பிடித்த இலைகள். 2022-இல் இன்னோர் ஆய்வாளர் இலையையே காட்டாமல், பின்னணியிலிருந்து வெறும் எட்டுப் புள்ளிகளை மட்டும் கணினிக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் 49 சதவீதம் சரி! கணினி கொஞ்சம் இலையைப் படித்தது, மிச்சத்தைத் தாளைப் பார்த்து ஒப்பேற்றியிருக்கிறது.

அந்த 14 பயிர்களில் ஆப்பிள் உண்டு, ஸ்ட்ராபெரி உண்டு, செர்ரி உண்டு. சோளம் இல்லை, கம்பு இல்லை, பருத்தி இல்லை, உளுந்து இல்லை, குதிரைவாலி இல்லை. மக்காச்சோளம் உண்டு, ஆனால் படைப்புழு இல்லை. கர்நாடகத்தில் 2018 மே மாதம் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அந்தப் புழு, அதே ஆண்டு தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்குள் இறங்கி, அரசு நிவாரணம் கொடுக்கும் அளவுக்குத் தின்று தீர்த்தது. குருத்துக்குள் ஒளிந்துகொண்டு தின்னும் புழு. ஆப்பிள் இலையில் படித்த கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

தெரிய வைக்க முடியாது என்றில்லை. ஆப்பிரிக்காவில் இதே படைப்புழு பரவியபோது அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து ‘நூரு’ என்ற செயலியை 2018-இல் கொண்டுவந்தன. இணையம் இல்லாத காட்டிலும் கைபேசியைச் செடிக்கு நேரே காட்டினால் புழுத் தாக்குதல் உண்டா என்று சொல்லும். அதற்கு அந்தந்த ஊர்ப் பயிரையே பாடமாக வைத்தார்கள்.

கண்ணைப் போலவே காதும். சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ குழு 145 மாவட்டங்களில் 16,237 பேரைப் பேசவைத்து, 22 மொழிகளில் 7,348 மணி நேரப் பேச்சைத் திரட்டி 2024-இல் வெளியிட்டது. இயந்திரம் நம் மொழியில் பேச வேண்டுமானால் முதலில் நம் ஆட்களிடம் கேட்க வேண்டும் என்று புரிந்துகொண்ட வேலை. ‘விவசாயி’ என்றால் கணினிக்குத் தெரியும்; ‘சம்சாரி’ என்றால் குடும்பஸ்தர் என்று நினைத்துக்கொள்ளும். கரிசலில் இரண்டும் ஒன்று.

இதற்கு இடைசெவலே முன்னோடி. பள்ளிப் படிப்பை முடிக்காத அவ்வூர்ச் சம்சாரி, எழுத்தாளர் கி. ராஜநாராயணன், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கரிசல் மக்களின் பேச்சைச் சொல் சொல்லாகத் திரட்டி 1982-இல் அகராதியாக்கினார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்து உட்காரவைத்தது. இன்றைய பொறியியல் மொழியில் அது ‘தரவுத் திரட்டு’. ஆய்வகம், மானியம், கணினி எதுவும் இல்லாமல், வரப்பிலும் திண்ணையிலும் கேட்டுக் கேட்டு எழுதியது.

அன்றைக்கும் இன்றைக்கும் கணக்குப் பார்த்தால் லாபம் தெளிவாகவே இருக்கிறது. முதுகில் டேங்க் இல்லை, மூச்சில் மருந்து இல்லை. நஷ்டம் ஒன்று உண்டு. மருந்தடித்தவர் ஒவ்வொரு செடியையும் குனிந்து பார்த்தபடி நடந்தார். எந்த மூலையில் புழு ஏறுகிறது என்பது அவர் நினைவில் இருந்தது. ட்ரோன் வந்தபின் அந்த நடை நின்றுவிட்டது. அந்த அறிவை எழுதி வைக்காமல் விட்டால் மனிதனும் மறந்துவிடுவான், இயந்திரமும் கற்காது.

ஆகவே இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் தம்பிகளே, தங்கச்சிகளே, இணையத்தில் கிடக்கும் ஆப்பிள் இலையை விடுங்கள். கார்த்திகையில் ஒரு காலைப்பொழுது செருப்பைக் கழற்றிவிட்டு ரோட்டுக்கு மறுபக்கம் இறங்குங்கள். மக்காச்சோளக் குருத்தை விரித்து, வெயிலில், நிழலில், மழை ஈரத்தில் ஆயிரம் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இது என்ன என்று பிஞ்சைக்காரரிடமே கேட்டு, அவர் சொன்ன பெயரையே எழுதுங்கள். காலில் அப்பிய மண் கல்லூரித் தரையில் ஒட்டினால் ஒட்டட்டும்.