9 அளவீடு, 5,151 ஜோடி: மரபணுக்களின் தொடர்பு எப்படிக் கணிக்கப்படுகிறது?

ஈ.கோலை பாக்டீரியாவின் 102 மரபணுக்கள். அவை எவ்வளவு வேலை செய்கின்றன என்று எடுத்த அளவீடுகளோ வெறும் 9. இதை வைத்து எதற்கும் எதற்கும் தொடர்பு என்று சொல்ல 5,151 ஜோடிகளைப் பார்க்க வேண்டும். முடியுமா?

என்ட்ரோபி என்றால் என்ன?

ஒரு விஷயத்தைக் கணிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு 1948-ல் கிளாட் ஷானன் தந்த அளவுகோல். பூவா தலையாவுக்கு 1 பிட். ஒரு மரபணுவின் நிலை தெரிந்ததும் இன்னொன்றின் என்ட்ரோபி குறைந்தால், இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அர்த்தம்.

சிக்கல் எங்கே?

நாணயத்தை 4 முறை சுண்டினால், 3-1 என்று விழ 50 சதவீத வாய்ப்பு உண்டு. அப்போது கணக்கு 0.81 பிட் என்றுதான் காட்டும். 1 பிட்டைத் தாண்டவே தாண்டாது. தவறினால் கீழேதான் போகும். ஒரு மரபணுவுக்கு 3 நிலை என வைத்தால் ஜோடிக்கு 9 நிலை. அங்கே தவறு இன்னும் பெருசு. இதனால் இல்லாத தொடர்பும் இருப்பதுபோலத் தெரியும்.

தீர்வு என்ன?

2009-ல் ழான் ஹவுசர், கொர்பினியன் ஸ்ட்ரிம்மர் ஆகியோர் ஜேம்ஸ்-ஸ்டெய்ன் முறையை இதற்குக் கொண்டுவந்தனர். கிடைத்த விகிதத்தை அப்படியே நம்பாமல், ‘எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு’ என்ற பக்கம் இழுப்பதுதான் இது. எவ்வளவு இழுப்பது என்பதைத் தரவே முடிவு செய்யும். 3-1 என்றால் முழுசாக இழுத்து பாதிக்குப் பாதி ஆக்கிவிடும். அதுவே 300-100 என்றால் இழுப்பு 1 சதவீதம்கூட இருக்காது.

இதன்பிறகும் மிஞ்சும் தொடர்புகள் துப்பு மட்டுமே. எந்த மரபணு எதை இயக்குகிறது என்பதை ஆய்வகச் சோதனைதான் உறுதிசெய்ய வேண்டும்.