கல்லாக ஊர் திரும்பிய செல்வம்

கிரேக்கத்தின் வடமேற்கே, பிண்டஸ் மலைத்தொடரில் 46 கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. சுவரும் கல், கூரையும் கல், தெருவும் கல். ஸகோரி என்ற இந்தப் பகுதியை யுனெஸ்கோ 2023-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இயோனினா நகரிலிருந்து காலையில் புறப்பட்டால், உள்ளூர் வழிகாட்டியுடன் சில கிராமங்களைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

முதலில் கிபி கிராமத்துப் பாலங்கள். பாறைகளுக்கு நடுவே ஒரே வளைவில் ஆற்றைத் தாண்டுகிறது 1750-ல் கட்டப்பட்ட கொக்கோரிஸ் பாலம். சற்றுத் தள்ளி, 1814-ல் எழுந்த பிளாகிதாஸ் பாலம் மூன்று வளைவுகளோடு நிற்கிறது. மேலே ஏறிப் பாருங்கள்: இரு ஓரங்களிலும் சிறு கற்களை வரிசையாக நட்டுவைத்திருக்கிறார்கள். சுமையேற்றிய கோவேறு கழுதைகள் விளிம்பைத் தாண்டிவிடாமல் இருக்கத்தான் இந்தக் காவல்.

யார் கட்டினார்கள்?

கல் இந்த மலையிலேயே கிடைத்தது. வேலைக்கு கோனிட்சா பக்கத்துக் கிராமங்களிலிருந்து கொத்தர்கள் குழுக்குழுவாக வந்தார்கள். வெளியார் காதில் விழுந்தாலும் புரியாதபடி தங்களுக்குள் தனிப் பேச்சுமொழியே வைத்திருந்த கெட்டிக்காரர்கள் அவர்கள்.

பணம் வெகுதூரத்திலிருந்து வந்தது. ஒட்டோமான் ஆட்சியிலும் ஸகோரிக்கு வரிச்சலுகையும் தன்னாட்சியும் இருந்தன. ஆனால் மலைநிலம் எல்லோருக்கும் சோறு போடாது. ஆண்கள் கான்ஸ்டான்டினோபிளுக்கும் இன்றைய ருமேனியப் பகுதிகளுக்கும் வணிகம் செய்யப் போனார்கள். சம்பாதித்ததில் தங்களுக்கு மாடிவீடு கட்டியதோடு நிற்காமல், ஊருக்குப் பாலமும் பள்ளிக்கூடமும் தந்தார்கள். மோனோதென்றி கிராமத்து ரிஸாரிஸ் சகோதரர்களின் கொடையால் ஏதென்ஸில் ஒரு இறையியல் கல்விக்கூடமே உருவானது.

நடந்தால்தான் புரியும்

கபேசோவோவிலிருந்து வ்ராதேத்தோவுக்கு ஏறும் கற்படிப் பாதையைத் தவறவிடாதீர்கள். செங்குத்தான மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறுகிறது. 1970-களில் தார்ச்சாலை வரும்வரை, சுமார் 1,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தக் கிராமத்துக்கு இதுதான் வழி. மூட்டை முடிச்சும் நோயாளியும் மணமகளும் இதில்தான் போய்வந்தார்கள். பிடிமானமுள்ள காலணி அவசியம். மழையில் கல் வழுக்கும்.

பசித்தால் அலெவ்ரோபிட்டா கேளுங்கள். மாவும் முட்டையும் கலந்த கரைசலை மெல்லிசாக ஊற்றி, மேலே ஃபெட்டா பாலாடைக்கட்டியை உதிர்த்துச் சுடும் இந்த ஊர்ப் பண்டம், ஓரம் மொறுமொறுவென்று சூடாக வரும்.

பிற்பகலில் மோனோதென்றியிலிருந்து விகோஸ் பள்ளத்தாக்கைக் காணலாம். அகலத்தோடு ஒப்பிட்டால் உலகிலேயே ஆழமானது என்று கின்னஸ் பதிவுசெய்த இடம் இது. விளிம்பில் 15-ஆம் நூற்றாண்டு அகியா பரஸ்கேவி மடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கிராமங்களுக்கு மேலே உள்ள சில காடுகளையும் வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே மரம் வெட்டினால் திருச்சபை விலக்கிவைக்கும் என்று முன்னோர் விதித்திருந்தார்கள். மண்சரிவிலிருந்து கீழே உள்ள வீடுகளைக் காத்தது அந்தக் கட்டுப்பாடுதான்.

இன்று பல கிராமங்களில் குளிர்காலத்தில் விரல்விட்டு எண்ணும் குடும்பங்களே தங்குகின்றன. ஆகவே பேருந்து ஜன்னலோரப் படங்களோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்கள், ஊர் உணவகத்தில் சாப்பிடுங்கள், பாதையில் நடங்கள். வெளியிலிருந்து வந்த பணத்தால் எழுந்த ஊர்கள் இவை. அவை குடியிருப்பு குலையாமல் நிலைக்கவும் வெளியிலிருந்து வருபவர்கள்தான் கைகொடுக்க வேண்டும்.